வீட்டுக்கு மேலால் போன பிளேன்

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் உடனே வருவதில்லை. வரைபடத்தில் அளந்தால் எங்கள் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். விமானக் கால அட்டவணையைப் பார்த்தால் ஒன்றேகால் மணித்தியாலமும் அதற்குமேல் சில நிமிடங்களும். ஆனால் எனக்குள் இருக்கும் கணக்கு வேறு. பதினாறரை மணித்தியாலம். அந்தக் கணக்கை 2018 ஓகஸ்ட் மாதத்தில் ஒரு இரவும் ஒரு பகலும் அம்மாவோடு கூடவிருந்து எண்ணினேன். அதற்குப் பிறகு பலாலி திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. நாங்களும் அந்த வழியால் போய்வந்துவிட்டோம். என்றாலும் அந்தப் பதினாறரை மணித்தியாலம் மனதை விட்டுப் போகவில்லை.

மாமா, அம்மாவின் கடைசித் தம்பி, 1987இல் இந்தியாவுக்குப் போனவர். சென்னையில் வளசரவாக்கத்தில் குடியிருந்தார். அங்கே எங்கள் ஊர்ச் சனம் நிறையப் பேர் இருப்பதால் அவருக்கு அது ஊர்போலவே பழகிவிட்டது. அந்த ஓகஸ்டில் ஒரு நாள் காலை பத்து மணிபோல அவருடைய மகள் கூப்பிட்டு, அப்பா போய்விட்டார் என்றாள். அம்மாவுக்கும் எனக்கும் இந்திய விசா கையில் இருந்தது. சில மாதங்களுக்கு முன்னர் அம்மாவின் கண்ணைக் காட்டப் போவதற்காக எடுத்தது. விசா இருக்கிறது என்றதும் நான் கொஞ்சம் தைரியப்பட்டேன், எப்படியும் முகம் பார்த்துவிடலாம் என்று. கொழும்பிலிருந்து அன்றைக்கு இடமில்லை; மறுநாள் காலை விமானத்தில்தான் இடம் கிடைத்தது. அப்போது எங்களுக்கு விமானம் என்றால் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கதான். இரவு எட்டு மணிக்கு கோண்டாவிலில் எங்கள் வீட்டு வாசலில் வான் வந்து நின்றது.

கட்டுநாயக்கவுக்குத் தெற்கே 350 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா, அநுராதபுரம், பிறகு புத்தளம் பக்கம் திரும்பி சிலாபம், நீர்கொழும்பு. இந்தப் பாதையை இரவில் போகாத யாழ்ப்பாணத்தான் இருக்க மாட்டான். எங்கே தேத்தண்ணிக்கு நிறுத்துவார்கள், எங்கே நித்திரை வரும், எங்கே வெப்பம் கூடும் என்பதெல்லாம் உடம்புக்கே தெரியும். அம்மா பின் சீற்றில் கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தார். அழவில்லை. வவுனியா தாண்டும் வரைக்கும் ஒரு சொல் பேசவில்லை. இரவு ஒரு மணி இருக்கும், புத்தளத்துக்குக் கொஞ்சம் முன்னால், திடீரென்று கேட்டார்.

“தம்பி, நாங்கள் இப்ப சென்னைக்குக் கிட்டப் போறமோ, தூரப் போறமோ?”

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். “போய்ச் சேர்ந்திடுவம் அம்மா, படுங்கோ” என்றுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்டது வேறு. ஐந்து மணித்தியாலமாக ஓடுகிறோம். தம்பியைக் கிடத்தியிருக்கும் இடம் வடக்கே இருக்கிறது. நாங்கள் தெற்கே போய்க்கொண்டிருக்கிறோம். வானின் சில்லு உருளும் ஒவ்வொரு தடவையும் நாங்கள் மாமாவிடமிருந்து விலகிக்கொண்டிருந்தோம். அதை அம்மா தன் உடம்பால் உணர்ந்திருக்க வேண்டும். படித்த எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. எங்கு போவதென்றாலும் முதலில் கொழும்புக்குப் போவது என்று பழகிப்போன தலைமுறை நான்.

விடியப்புறம் நாலு மணிக்கு விமான நிலையம். வரிசைகள், பொதி, குடிவரவு, காத்திருப்பு. விமானம் ஏறியபோது நன்றாக விடிந்துவிட்டது. அம்மாவுக்கு வலது பக்க யன்னலோரம் இடம். மேலே போய் அரை மணி ஆகியிருக்காது, அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

“உது ஆனையிறவெல்லோ?”

குனிந்து பார்த்தேன். முகில் அதிகம் இல்லாத காலை. கீழே கடனீரேரி தகடுபோலக் கிடந்தது. தூரத்தில் கிழக்குப் பக்கமாக உப்புத் தரை வெளுத்துத் தெரிந்தது. அதற்கு இப்பால் பச்சையும் செம்மண்ணுமாக ஒரு நிலத் துண்டு. அதன் விளிம்பில் மறுபடி கடல். நாங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேலே நின்றோம். முந்திய இரவு எட்டு மணிக்குப் பூட்டிவிட்டு வந்த வீடு அந்தப் பச்சைக்குள் எங்கேயோ இருந்தது. முற்றத்தில் கட்டிவிட்டு வந்த நாய்க்குப் பக்கத்து வீட்டு அக்கா அந்த நேரம் சோறு வைத்திருப்பார். அம்மா கண்ணாடியில் உள்ளங்கையை விரித்து வைத்தபடி, “இரவு இதில நிண்டு ஏறியிருந்தா இப்ப அவன்ர முகத்தைப் பாத்திருப்பன்” என்றார். அப்போதுதான் அழுதார். எனக்குத் தேறுதல் சொல்ல வாய் வரவில்லை. மூன்று நான்கு நிமிடத்தில் கீழே வெறும் கடலாகிவிட்டது.

வளசரவாக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. செத்தவீடு முடிந்து ஆண்கள் சுடலையிலிருந்து திரும்பியிருந்தார்கள். பிள்ளைகள் தங்களால் முடிந்தவரை வைத்திருந்து பார்த்தார்கள். அவர்களில் ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்குக் கிடைத்தது படமும் அதன் முன்னால் எரிந்த விளக்கும். மாமாவுக்கான எட்டுச் செலவுச் சடங்கு வரைக்கும் இருந்துவிட்டு, அதே வழியால், மறுபடி ஊரைத் தாண்டித் தெற்கே போய் இறங்கி, மறுபடி இரவு முழுக்க வடக்கே வந்து சேர்ந்தோம்.

அடிமட்டம் வைத்துக் கீறிய கோடு

வந்த கையோடு மகளின் அட்லஸை எடுத்து விரித்தேன். விமானத்தில் கண்டது உண்மைதானா, அல்லது விமானி ஏதாவது காரணத்துக்காக வளைத்துக்கொண்டு போனதா என்று பார்க்கத்தான். கட்டுநாயக்கவில் ஒரு புள்ளி, மீனம்பாக்கத்தில் ஒரு புள்ளி. அடிமட்டத்தை வைத்துப் பென்சிலால் ஒரு கோடு கீறினேன். கோடு மன்னார் வளைகுடாப் பக்கமாகப் போகும், அல்லது முல்லைத்தீவுக் கடலால் போகும் என்று நினைத்திருந்தேன். அது நேரே யாழ்ப்பாண நகரத்துக்கு மேலால் போனது. பிறகு அகலாங்கு, நெட்டாங்கு எண்களை எடுத்துக் கணக்குப் பண்ணியும் பார்த்தேன். கட்டுநாயக்க கிழக்கு நெடுங்கோடு 79.88 பாகை. மீனம்பாக்கம் 80.17. யாழ்ப்பாண நகரம் இரண்டுக்கும் நடுவில், 80.01 அல்லது 80.02. இரண்டு விமான நிலையங்களையும் இணைக்கும் நேர்கோடு எங்கள் வீட்டுக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர் மேற்கால்தான் போகிறது. விமானங்கள் எப்போதும் நேர்கோட்டிலேயே பறப்பதில்லை, வான்வழிப் பாதைகளும் கட்டுப்பாட்டாளர் சொல்லும் திருப்பங்களும் உண்டு. என்றாலும் அன்று அம்மா கண்டதை அட்லஸும் சொன்னது.

அந்தக் கோட்டில் கட்டுநாயக்கவிலிருந்து சென்னை ஏறத்தாழ 640 கிலோமீற்றர். அதில் முதல் 275 கிலோமீற்றர் எங்கள் ஊர் வரைக்கும் வருவதற்கே போய்விடுகிறது. அதாவது நாங்கள் தரையில் இரவு முழுக்கத் தெற்கே போன தூரத்தை விமானம் அரை மணிக்குள் வடக்கே திருப்பிக் கொண்டுவந்து, புறப்பட்ட இடத்திலேயே எங்களைத் தலைக்கு மேலே நிறுத்தியது. அங்கிருந்துதான் உண்மையான பயணம் தொடங்குகிறது. தரையில் 360, வானில் 640, ஆக மொத்தம் 1,000 கிலோமீற்றர். வீட்டு வாசலிலிருந்து மாமா வீட்டு வாசல் வரைக்கும் நேராக அளந்தால் 370. அந்த 370 கிலோமீற்றரைப் பதினாறரை மணித்தியாலத்தில் கடந்தோம் என்றால் மணிக்கு 22 கிலோமீற்றர். சைக்கிளை நன்றாக மிதிக்கிறவன் போகும் வேகம் அது.

இந்தக் கோட்டைப் பற்றி ஊரில் பலருக்குச் சொன்னேன். பெரியவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. “ஓம், அப்பிடித்தானே போறது” என்றார்கள். கண் சத்திரசிகிச்சைக்குப் போனவர்கள், பிள்ளையைப் படிக்கவிடப் போனவர்கள், சிதம்பரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் போனவர்கள் எல்லோரும் அந்த யன்னலால் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை. எனக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. ஒரு அநியாயம் பழகிப்போனால் அது வழி என்றே ஆகிவிடுகிறது.

ஒன்றேகால் மணித்தியாலம்

ஒரு காலத்தில் இப்படி இல்லை என்பது எனக்கு அம்மம்மா சொல்லித் தெரியும். பலாலி ஓடுபாதையை இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய விமானப்படை போட்டது. போர் முடிந்து இரண்டு வருடத்தில், 1947 டிசெம்பர் 10ஆம் திகதி, எயார் சிலோன் தன்னுடைய முதலாவது பயணிகள் விமானத்தை விட்டது. கொழும்புக்குப் பக்கத்திலுள்ள இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில், அதாவது பலாலியில், இறங்கி, அங்கிருந்து மெட்ராஸ். இலங்கையின் விமான சேவை பறந்த முதல் நாளிலேயே எங்கள் ஊர் வழியில் இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்த நேரம் அது. டகோட்டா என்று எல்லோரும் சொல்லும் டி.சி. 3 விமானம்.

அம்மம்மா ஐம்பதுகளின் கடைசியில் தன் தங்கையின் கலியாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்க அம்மப்பாவோடு அந்த வழியால் போனவர். காலையில் பலாலியில் ஏறி மத்தியானத்துக்குள் மெட்ராஸில் கடைத்தெருவில் நின்றதாகச் சொல்வார். சின்ன வயதில் இதை நான் கதையாகத்தான் கேட்டேன். நாங்கள் வளர்ந்த காலத்தில் பலாலி என்றால் ஷெல் வரும் திசை. அந்தத் திசையில் ஏறி அம்மம்மா சேலை எடுக்கப் போனார் என்பது நம்பக்கூடிய விசயமாக இருக்கவில்லை. “ஏறி இருந்து, காது அடைச்சு, அது திறபடமுதல் இறங்கச் சொல்லிப்போட்டினம்” என்று சொல்லும்போது அவருக்கு முகம் மலரும். கொழும்புக்கு யாழ்தேவி ரயிலில் போவதைவிட மெட்ராஸுக்குப் போவது சுகம் என்றும் சொல்வார்.

நான் பிறகு அந்த நேரத்தையும் கணக்குப் பார்த்தேன். டகோட்டா மணிக்கு 270, 300 கிலோமீற்றர் வேகத்தில் போகும். 355 கிலோமீற்றருக்கு ஒன்றேகால் மணித்தியாலம். இன்றைக்குப் பலாலியிலிருந்து சென்னைக்குக் கால அட்டவணையில் போட்டிருக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதுதான். எழுபது வருடத்துக்குப் பிறகும் அதே நேரம் என்றால் முதலில் குழப்பமாகத்தான் இருந்தது. இன்னொரு குழப்பம், கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குப் போட்டிருக்கும் நேரமும் அதைவிடப் பெரிதாகக் கூடவில்லை. தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நேரம் ஏறத்தாழ ஒன்றேதான்.

காரணம் தெரிந்துகொண்டபோது டிக்கெட்டில் எழுதியிருக்கும் நேரத்தை நான் பார்க்கும் விதமே மாறியது. அது வானில் பறக்கும் நேரம் இல்லை. நிற்கும் விமானத்தின் சில்லுக்குக் கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்து விமானம் அசையத் தொடங்கும் கணத்திலிருந்து, போய் இறங்கி, தரையில் ஊர்ந்து, நிறுத்தி, மறுபடி கட்டை வைக்கும் கணம் வரைக்கும் உள்ள நேரம் அது. ஓடுபாதை வரைக்கும் ஊர்வது, மேலே ஏறும்போது வேகம் குறைவாக இருப்பது, இறங்க முறை வரும்வரை சுற்றுவது, தாமதம் வந்தால் ஈடுகட்ட விமான நிறுவனம் சேர்த்து வைக்கும் சில நிமிடம், எல்லாம் அதற்குள் அடக்கம். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை ஏறத்தாழக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. தெற்கேயிருந்து வருகிற நாங்கள் நேரே போய் இறங்க முடியாது. பக்கவாட்டில் திரும்பி வரிசையில் சேர வேண்டும். நெரிசலான விமான நிலையம் வேறு. இந்தச் செலவு எல்லாம் 355 கிலோமீற்றர் பறந்தாலும் உண்டு, 3,000 கிலோமீற்றர் பறந்தாலும் உண்டு. கிட்டப் பயணத்தில் அது பெரிய பங்காகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் விமானத்தின் வகை. கட்டுநாயக்கவிலிருந்து ஜெட் போகிறது, மணிக்கு 830 கிலோமீற்றர் அளவில். பலாலிக்கு வருவது ஏ.ரி.ஆர். 72, சுழல்விசிறி வைத்தது, மணிக்கு 500 கிலோமீற்றர் அளவு. 640ஐ 830ஆல் பிரித்தாலும், 355ஐ 500ஆல் பிரித்தாலும், முக்கால் மணித்தியாலத்தை ஒட்டித்தான் வருகிறது. இரண்டு டிக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒரு வெளியூர்க்காரனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். “கொழும்பிலிருந்தும் அதே நேரம்தானே, பிறகேன் பலாலிக்கு இவ்வளவு கரைச்சல்படுகிறீர்கள்?” என்று கொழும்பில் ஒரு நண்பர் என்னிடம் கேட்டிருக்கிறார். நல்ல மனிதர், விளங்காமல்தான் கேட்டார். அவரை வான் வண்டியில் ஏற்றி ஒரு இரவு புத்தளம் வழியாகக் கூட்டிப்போக வேண்டும்போல இருந்தது. பறக்கும் நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையாமல், எங்கள் பயணத்தில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் குறையும் என்பதை எந்த அட்டவணையும் காட்டாது.

அரை மணி வித்தியாசம்

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணமும் சென்னையும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் இருக்கின்றன. இரண்டு ஊரிலும் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இராது. ஆனால் 1996 மே மாதத்தில் இலங்கை அரசு மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது; அந்த வருடம் ஒக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பியது. மிச்ச அரை மணி 2006 ஏப்ரலில் புத்தாண்டு வரைக்கும் அப்படியே இருந்தது. அந்தப் பத்து வருடமும் நேரே வடக்கே இருக்கும் மாமா வீட்டில் எங்களைவிட அரை மணி பிந்திய நேரம். வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரம். சமாதான காலத்தில் ஏ9 வீதியால் போகும்போது அந்தப் பகுதியின் வடக்கு எல்லையான முகமாலை தாண்டினால் ஒரு நேரம், தெற்கு எல்லையான ஓமந்தை தாண்டினால் இன்னொரு நேரம்.

மாமா தொலைபேசியில் எடுத்தால் முதல் கேள்வி, “அங்க எத்தனை மணி அக்கா?” என்றிருக்கும். அம்மா சொன்னதும், “இங்க அரை மணி கிடக்கு” என்பார். வெளிநாட்டில் கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் அப்படிக் கேட்டால் அது இயற்கை. காங்கேசன்துறைக் கரையில் நின்றால் கோடியக்கரை ஐம்பது, அறுபது கிலோமீற்றர். முன்னைய நாளில் தோணியில் போய்வந்த தூரம். அதற்கு அங்கால் இருக்கிறவர் நேரம் கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருந்தது. தூரத்தை ஆட்கள் எத்தனை விதமாகக் கூட்டுகிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் ஞாபகம் வரும்.

பலாலி வீதி

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தால் போகும் வீதிக்குப் பெயரே பலாலி வீதி. 12 கிலோமீற்றர் வடக்கே போனால் விமான நிலையம். அந்த வீதி எங்கே போய் முடிகிறது என்று நான் என் இளமைக்காலம் முழுக்கப் பார்த்ததில்லை. 1990இல் பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கிலிருந்து ஆட்கள் எழுப்பப்பட்டதற்குப் பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம். வீதியின் பெயர் மட்டும் எங்களிடம் இருந்தது.

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். நவம்பர் 11ஆம் திகதி அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. மாமா போய் ஒரு வருடமும் மூன்று மாதமும். அம்மா அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எழுந்து குசினிக்குள் போய்விட்டார். சந்தோசமா துக்கமா என்று நான் கேட்கவில்லை. போகலாம் என்று ஆயத்தப்பட முன்னர் 2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லாம் நின்றது. பிறகு உலகம் முழுக்க விமானங்கள் பறக்கத் தொடங்கிய பிறகும் பலாலி மூடியே கிடந்தது. 2022 டிசெம்பர் 12ஆம் திகதிதான் மறுபடி ஒரு விமானம் இறங்கியது.

நாங்கள் போனது 2023இல், மாமாவின் மகளின் கலியாணத்துக்கு. காலையில் வீட்டில் புட்டுச் சாப்பிட்டோம். அம்மா மூன்று தடவை கேட்டார், “இவ்வளவு வெள்ளனப் போகத் தேவையில்லையோ?” என்று. இரவு எட்டு மணிக்கு வெளிக்கிட்டுப் பழகியவருக்கு, விடிந்து, குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு ஆறுதலாக வெளிக்கிடுவது ஏதோ பிழைபோல இருந்தது. போகும் வழியில் உரும்பிராய் தாண்டி வடக்கே போகப் போக அம்மா ஒவ்வொரு வளவாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கூரையில்லாத சுவர்கள், மரம் முளைத்த வீடுகள். இதில் இன்னார் இருந்தவர், அதில் இன்னாரின் தோட்டம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டாலும் இன்னும் விடுபடாதவை இருக்கின்றன. அந்தக் காணிக்காரர் பலர் வேறு ஊர்களில் வாடகைக்கும் உறவினர் வளவிலும் இருந்து முதுமையடைந்துவிட்டார்கள்.

இதை நான் சொல்லாமல் விடமுடியாது. பலாலிக்குப் பெரிய ஜெட் வராததற்கு ஓடுபாதையின் நீளம் போதாமை ஒரு காரணம். ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று அடிக்கடி பேச்சு வரும். நீட்டுவதற்கு நிலம் வேண்டும் என்று உடனே அடுத்த பேச்சு வரும். அந்த நிலம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குச் சென்னை கிட்ட வரவேண்டும் என்ற ஆசை உண்டு, மனதார உண்டு. ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாகத் தன் கிணற்றில் தண்ணி அள்ளாதவரின் காணியை எடுத்து என் பயணத்தில் பத்து நிமிடம் குறைய வேண்டாம். ஏ.ரி.ஆர். மெதுவாகவே போகட்டும். பொதி கொஞ்சம் குறைவாகத்தான் கொண்டுபோக முடியும், சரி, குறைவாகவே கொண்டுபோவோம்.

விமானம் ஓடி எழுந்ததும் சில நிமிடத்தில் கடல் வந்துவிட்டது. இந்தமுறை அம்மாவுக்கு இடது பக்க யன்னல் கேட்டு வாங்கியிருந்தேன். பலாலியிலிருந்து சென்னை ஏறத்தாழ நேர் வடக்கு. நாகப்பட்டினம், காரைக்கால், புதுச்சேரி என்று தமிழ்நாட்டுக் கரை இடப்பக்கத்தில் இருபது முப்பது கிலோமீற்றர் தள்ளிக் கூடவே வரும் என்று அட்லஸில் பார்த்து வைத்திருந்தேன். அப்படியே வந்தது. மெல்லிய மண்நிறக் கோடு ஒன்று முகிலுக்குள் மறைவதும் தெரிவதுமாக. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விசிறியின் இரைச்சலில் பேச்சுச் சரியாகக் கேட்காது. ஒரு தடவை மட்டும் என் பக்கம் திரும்பி, “ஒரு பக்கமாத்தான் போகுது” என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு புத்தளத்து இரவு நினைவு வந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னர் கேட்ட கேள்வியை அவர் மறக்கவில்லை.

அன்று பின்னேரத் தேத்தண்ணி வளசரவாக்கத்தில் குடித்தோம். மாமாவின் மகள் வாசலுக்கு ஓடிவந்து, “மாமி, களைப்பே இல்லாம வந்திருக்கிறீங்கள்” என்றாள். அம்மா உள்ளே போய், மாமாவின் படத்துக்கு முன்னால் நின்று, உடனே வெளியே வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு வழிகள் கூடியிருக்கின்றன. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் தொடங்கியது. 60 கடல்மைல், நாலு மணித்தியாலம் அளவில். இடையில் நின்று மறுபடி ஓடுகிறது. 2024 செப்டெம்பர் 1ஆம் திகதி இண்டிகோ சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் விமானம் வந்தது. அம்மம்மா இருந்திருந்தால் திருச்சி என்றதும் ஒரு கதை வைத்திருப்பார். ஆனால் சின்ன விமானம் என்பதால் இடங்கள் எப்போதும் கிடைப்பதில்லை. கலியாண மாதங்களில் கேட்டுப் பார்த்துவிட்டு இப்போதும் பலர் கட்டுநாயக்கவுக்கே போகிறார்கள்.

அம்மாவுக்கு இப்போது வானத்தில் இரண்டு சத்தமும் தெரியும். பலாலிக்கு இறங்குவது தாழப் பறக்கும், விசிறியின் கனத்த இரைச்சல், கோழிகள் ஓடும். மற்றது மிக உயரத்தில், சத்தம் பிந்தி வரும், வெள்ளைக் கோடு மட்டும் வடக்கே நீளும். போன கிழமை முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தவர், அந்த வெள்ளைக் கோட்டைக் கண்டதும் நெற்றியில் கையை வைத்து நிமிர்ந்து பார்த்தார்.

“உதுக்குள்ள எங்கட பக்கத்து ஆக்கள் ஆரும் இருப்பினமோ?”

“இருப்பினம் அம்மா” என்றேன்.

கோடு கலையும் வரைக்கும் பார்த்துவிட்டு, மிளகாயைத் துழாவத் தொடங்கினார்.